மதாம்மாவின் கம்பளத்தில் பதினாறு பறவைகள்

அடுத்தவர் வீட்டுப் பொருளைச் செப்பனிடும் தொழிலில் ஊசி எப்போதாவதுதான் குத்தும், பயம் நாள் முழுக்கக் குத்திக்கொண்டிருக்கும்.

கடிகாரம் பழுது பார்ப்பவர்கள், பட்டுச்சேலைக்கு இழை ஓட்டுபவர்கள், அறுந்த நகையைப் பற்றவைப்பவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். "பாத்து, பத்திரம்" என்று ஒருவர் ஒரு பொருளைக் கையில் கொடுத்ததும் அடிவயிற்றில் ஒரு சில்லிப்பு இறங்குமே, அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் கதையில் அந்தப் பொருளை யாரும் என் கையில் கொடுக்கவில்லை. அது தானாக வந்து என் மடியில் விழுந்தது. அதனால் சில்லிப்பு இரண்டு பங்கு.

நான் தென்காசிக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். பாடமெல்லாம் மறந்துபோய், சிஸ்டரம்மா சொல்லிக்கொடுத்த பெருக்கல் குறி போன்ற குறுக்குத்தையல் மட்டும் கையோடு தங்கிவிட்டது. கல்யாணமாகிக் குற்றாலம் வந்தேன். ஐந்தருவி போகிற சாலையில் ஒரு பெரிய பங்களாவுக்கு என் வீட்டுக்காரர் வாட்ச்மேன். பங்களாவுக்குப் பின்னால் ஓடு போட்ட இரண்டு அறைகள் எங்களுக்கு. என் மூன்று பிள்ளைகளும் பிறந்தது அங்கேதான்.

பங்களா கொச்சிக்கார மதாம்மாவுடையது. அவருடைய காலஞ்சென்ற வீட்டுக்காரரின் முன்னோர்கள் போர்ச்சுகலிலிருந்து கப்பலில் வந்து கொச்சியில் தங்கிவிட்டவர்கள். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குத் தேயிலை எஸ்டேட் இருந்தது. ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் மதாம்மா குற்றாலம் வருவார், ஆவணியில் திரும்பிப் போவார். மற்ற மாதங்களில் பங்களாவுக்கு நாங்களும் குரங்குகளும்தான்.

அந்தப் பங்களாவின் ஹாலில் ஒரு கம்பளம் உண்டு. நம் ஜமக்காளத்தைப் போல நெய்தது என்று நினைக்காதீர்கள். கெட்டியான அடித்துணி ஒன்றின் மேல் கம்பளி நூலால், ஒரு கடுகு விழ இடம் விடாமல், முழுக்க ஊசியால் தைத்தது. போர்ச்சுகலில் ஒரு ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து இப்படித் தைப்பார்களாம். முதலில் பூவுக்கும் கொடிக்கும் ஓரக்கோடு, பிறகு உள்ளே நிறம், கடைசியாகச் சுற்றிலும் தரை. நூறு வருஷத்துக்கு மேல் பழையது என்பார் மதாம்மா. நீலத் தரையில் மஞ்சள் கொடி, சிவப்புப் பூ, நடுவில் இருக்கும் பெரிய பூவைச் சுற்றிப் பதினாறு பறவைகள். கிளியா, புறாவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொக்கு இல்லை, அது நிச்சயம்.

எங்களுக்கு முன்னால் இருந்த வாட்ச்மேன் ஒரு நிலைக்கண்ணாடியை உடைத்தார் என்று, அன்று சாயங்காலமே பானை சட்டியோடு வெளியேற்றப்பட்டவர். அந்தக் கதையை எங்களிடம் சொல்லித்தான் வேலையே கொடுத்தார்கள். ஆகவே நான் அந்த ஹாலில் கோலமாவு டப்பாவோடு கூட நடக்க மாட்டேன்.

ஓடு நகர்ந்தது

செங்கோட்டை தாலுகா நம் ராஜ்யத்தோடு சேர்ந்ததற்கு அடுத்த வருஷம். அதற்கு முந்தைய ஐப்பசி கார்த்திகை மழை பேய்மழை. என் வீட்டுக்காரருக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டு இருபது நாள் படுத்த படுக்கை. மழைக்காலத்தில் கம்பளத்தைச் சுருட்டி, வேப்பிலை வைத்து, பெஞ்சின் மேல் ஏற்றி வைக்க வேண்டும். இவர் சுருட்டினார், வேப்பிலை வைத்தார், தூக்கி ஏற்றுவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. சுவரோரமாகத் தரையிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மேலே கூரையில் குரங்கு ஓடுகளை நகர்த்த, மழை ஒழுக, தரை ஈரத்தில் கரையான் ஏறிவிட்டது.

தை பிறந்து ஹாலைத் திறந்து கம்பளத்தை விரித்தோம். ஓரத்தில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு ஓட்டை. கரையானுக்கு அடித்துணிதான் ருசி போலிருக்கிறது, கம்பளியை விட்டுவிட்டது. ஆனால் பிடித்துக்கொள்ளத் துணி இல்லாததால் நூல் எல்லாம் தூள்தூளாகக் கையோடு வந்தது. பதினாறு பறவையில் ஒன்று முழுசாகப் போய்விட்டது.

ஆனி மாதத்துக்கு ஐந்தே மாதம். எங்கள் இரண்டு அறையும், அடுப்பும், தொட்டிலும் என் கண்முன்னால் ஒரு மாட்டுவண்டியில் ஏறுவது போலத் தெரிந்தது. "குரங்கு செஞ்ச வேலைன்னு சொல்லிப் பாப்போமா?" என்றேன். அவர் ஓட்டைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, குரங்குக்கா சம்பளம் குடுக்காவ? எனக்குல்லா குடுக்காவ!"

பின்பக்கம்

தைத்து அடைத்துவிடலாம் என்று சொன்னது நான்தான். சொன்ன பிறகுதான் அந்தத் தையல் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. எனக்குத் தெரிந்த குறுக்குத்தையலில் இரண்டு காலும் ஒரே நீளம். இதில் வரிசை வரிசையாகத் தலைமுடி பின்னியது போல ஒரு சடை ஓடுகிறது. மேலே இருந்து எவ்வளவு பார்த்தாலும் ஊசி எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று பிடிபடவில்லை.

காசி விசுவநாதரையும் உலகம்மனையும் நினைத்துக்கொண்டு கம்பளத்தைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் குட்டிக் குட்டி நேர்க்கோடுகள். அப்போதும் புரியவில்லை. கடைசியில், நன்றாக இருந்த ஓரத்தில் மூன்று விரற்கடை நீளத்துக்கு ஒவ்வொரு தையலாக நானே பிரித்துப் பார்த்தேன். நாற்பதாவது தையலில் சூட்சுமம் தெரிந்தது: ஒரு கால் நீளமாக முன்னே தாவுகிறது, மற்றக் கால் குட்டையாகப் பின்னால் வருகிறது. முன்னால் இரண்டு அடி வைத்து ஒரு அடி பின்வாங்குகிற பயந்தாங்கொள்ளியின் நடை. எனக்கு ஏற்ற தையல்தான்.

ஜன்னல் எல்லாம் சாத்தி, ஒரு கதவை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு இதைச் செய்துகொண்டிருந்தேன். பங்களாவைக் கூட்டிப் பெருக்க வரும் பாக்கியம், விளக்குமாறோடு எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏற்கெனவே தாம்பாளம் அகலத்துக்கு ஓட்டை, நான் ஊசியால் அதை இன்னும் பெரிசாக்கிக்கொண்டிருக்கிறேன்.

"மைனி, அண்ணாச்சி மேல ஏதும் கோவமா?"

கடையநல்லூர் சாயம்

அடித்துணிக்கு அரிசிச் சாக்கு கிடைத்தது. இழை ஒன்று போல இருக்கிற சாக்காகத் தேடி, எட்டுத் தண்ணீரில் அலசி, ஓட்டைக்குப் பின்னால் வைத்துத் தைத்தேன். தென்காசிக் கடையில் வெள்ளை உல்லன் நூல் வாங்கினேன். சிவப்புக்கு, ஆரியங்காவுப் பக்கத்தில் குடிதண்ணீரில் போட்டுக் காய்ச்சும் பதிமுகக் கட்டை இருக்கிறதே, அதைக் கொதிக்கவைத்துப் படிகாரம் போட்டு நானே முக்கினேன். மஞ்சளுக்கு மஞ்சள். நீலம்தான் வசப்படவில்லை. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தில் முக்கிப் பார்த்தேன், செத்த மீனின் நிறம் வந்தது.

கடையநல்லூரில் தறிக்காரர்களுக்கு நூல் முக்கிக் கொடுக்கும் சாயப்பட்டறை பாய் ஒருவர் இருந்தார். உதிர்ந்த நீல நூலைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வயசான மனுஷர், முழங்கை வரை நீலம். நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அவுரிச் செடிச் சாயந்தான். இது யாரு வீட்டுது தாயி?" என்று கேட்டார். "எங்க வீட்டுதுதான்" என்றேன். அன்று விளக்கேற்றும்போது சாமி முகத்தைப் பார்க்காமல் திரியை மட்டும் பார்த்தேன்.

இன்னொன்றும் அவரிடம் கேட்டேன். உதிர்ந்த நூலில் எல்லா நிறமும் இருக்கிறது, கறுப்பு மட்டும் இரண்டு இழைதான் இருக்கிறது, அது ஏன்? "கறுப்புக்கு இரும்பு போட்டிருப்பான். இரும்பு உள்ள இருந்துக்கிட்டே நூலத் தின்னுரும்" என்றார். எட்டு நாள் கழித்து நீலம் கொடுத்தார். கோயில் மயில் கழுத்து மாதிரி பளபளவென்று இருந்தது. பழைய நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கிழவிகள் நடுவில் கல்யாணப்பெண் நிற்பது போலத் தனியாகத் தெரிந்தது. "பாய், இதக் கொஞ்சம் பழசாக்கித் தாங்களேன்" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"புதுசாக்கத்தான் எனக்குத் தெரியும் தாயி. பழசாக்குறவன் மேல இருக்கான், நூலக் கொண்டுபோயி அவன் வெயில்ல போடு."

மரத்தின் மேல் சிவப்பு

அப்படியே செய்தேன். பங்குனி வெயிலில் பாறை சுட்டது. பங்களாவுக்குக் கீழே ஓடைப் பக்கம் ஒரு பாறையில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று வளையமாகச் சுற்றிய நூலைச் சிட்டம் சிட்டமாகப் பரப்பி, நனைப்பதும் காயவைப்பதுமாகப் பத்து நாள். யாராவது தெரிந்தவர்கள் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேனே தவிர, குரங்கு வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

சிவப்புச் சிட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு கடுவன் குரங்கு புளியமரத்தில் ஏறிவிட்டது. பிய்க்கப் பார்த்தது, வரவில்லை. தலைவழியாகப் போட்டுப் பார்த்தது, கழுத்தில் மாலையாக விழுந்துவிட்டது. உச்சிக்கிளையில் சிவப்பு மாலையோடு உட்கார்ந்து என்னையே பார்த்தது. பதிமுகம் மறுபடி வாங்கிக் காய்ச்ச வேண்டும், அதே நிறம் வருமோ வராதோ. நான் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டேன், "கீழ போட்டுருப்பா" என்று. வாய்விட்டுத்தான் சொன்னேன்.

பண்பொழி மலைக்கோயிலுக்குப் போய்விட்டு அருவிக் குளியலுக்கு வந்த மதுரைக் குடும்பம் ஒன்று அந்த வழியாக வந்தது. மேலே பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள். அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரை விலாவில் இடித்துச் சொன்னார்:

"யாரோ நேர்ந்துக்கிட்டு ஆஞ்சநேயருக்கு மாலை சாத்தியிருக்காங்க, நீங்க மரம் மாதிரி நிக்கிறீங்களே, கும்பிடுங்க!"

அசையாத பக்தி

நூல் கிடைத்தது. மறுநாள் குரங்கே அதை ஓடைக்கரையில் போட்டுவிட்டுப் போயிருந்தது. தைக்க ஆரம்பித்தேன். பெரிய பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சின்னவனைத் தொட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை. ஒரு நாளைக்கு ஒரு வெற்றிலை அளவு நிறையும். நிறைந்ததை மறுநாள் பார்த்தால் கோணல் தெரியும், பாதியைப் பிரிப்பேன்.

சித்திரை நடுவில் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் எஸ்டேட் மேனேஜர் வந்துவிட்டார். அவர் பார்த்தால் மறுநாளே கொச்சிக்குக் கடிதாசி போய்விடும். வாசலில் என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே உரக்க, "வாங்க ஐயா, வாங்க!" என்று கத்தியது கேட்டது. கம்பளத்தைச் சுருட்ட நேரமில்லை. ஊசியையும் நூலையும் முந்தானைக்குள் போட்டுக்கொண்டு, ஓட்டையின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டேன். "முருகா, முருகா" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

மேனேஜர் உள்ளே வந்தார். சுவரைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார், ஜன்னலை எண்ணினார். இளநீர் குடித்தார். ஊரிலே மழை எப்படி, மாங்காய் எப்படி என்று பேசினார். எனக்கு இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. முந்தானைக்குள் ஊசி இடுப்பில் ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு உண்மையாக அதற்கு முன்னால் நான் சாமியைக் கூப்பிட்டதே இல்லை. நடிப்பதற்கென்று தொடங்கிய ஜெபத்தில் கண்ணீர் தானாக வழிந்தது. அவர் போன பிறகு என்னை இரண்டு பேர் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. கேட்டுப் பக்கம் போகும்போது மேனேஜர் சொன்னதை என் வீட்டுக்காரர் வந்து அப்படியே சொன்னார்:

"என்னவே, உம்ம வீட்டம்மா பெரிய பக்தை போலிருக்கே! ஒரு மணி நேரமா கண்ணயும் தொறக்கல, காலயும் அசைக்கல. நமக்கும் சேத்துக் கும்பிடச் சொல்லும்."

கண்

வைகாசி பிறந்தபோது பறவை முடிந்துவிட்டது. இறகு, வால், கால், மூக்கு எல்லாம் வந்தாயிற்று. கண் மட்டும் பாக்கி.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். தப்பு என்று இப்போதும் சொல்ல வாய் வரவில்லை. மற்றப் பதினைந்து பறவைகளுக்கும் கண் இல்லை. கண் இருந்த இடத்தில் கறுப்பு நூல் இற்றுப்போய், அடித்துணிதான் வெள்ளையாகத் தெரிந்தது. பாய் சொன்ன இரும்பு தின்றிருந்தது. ஆகவே என் பறவையும் கண் இல்லாமல் இருந்தால்தான் மற்றவற்றோடு பொருந்தும். என் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். "எல்லாமே குருடு. இதும் குருடா இருந்துட்டுப் போட்டும். கண்ணு வச்சியோ, காட்டிக் குடுத்துரும்" என்றார். நியாயமான பேச்சுதான்.

ஆனால் நாலு மாதம் என் கையால் இழை இழையாக உண்டாக்கிய உயிர். சாமி சிலைக்குக்கூடக் கண்ணைக் கடைசியில்தானே திறக்கிறார்கள்? திறக்காமல் விட்டால் அது பாவம் இல்லையா? திறந்துவிட்டால், செருப்புக் கால் மிதிக்கிற இடத்தில் கண் திறந்து கிடக்குமே, அது அதைவிடப் பெரிய பாவமா? நாலு நாள் சோறு இறங்கவில்லை. வைகாசி வளர்பிறை வெள்ளிக்கிழமை விடியலில் அருவியில் முழுகிவிட்டு, ஈரத்தலையோடு வந்து விளக்கேற்றி, "தாயே, மிதிக்கிறவங்க பாவத்தை எம் மேல போட்டுக்கோ" என்று சொல்லிக்கொண்டு நாலு தையல் போட்டேன். நாலே நாலு கறுப்புத் தையல். அது என்னைப் பார்த்தது.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஹாலைக் கடக்க வேண்டுமென்றால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டேன்.

"எங்கன நின்னாலும் என்னயத்தான் பாக்குது. தரையில போட்டது யாருன்னு அதுக்குத் தெரியும்ட்டி."

சாரல்

ஆனி வந்தது. சாரல் வந்தது. மதாம்மாவின் கார் வந்தது. நான் பாத்திரத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மதாம்மா கம்பளத்தின் மேல் நடந்தார், நாற்காலி போட்டு உட்கார்ந்தார், டீ குடித்தார். ஒவ்வொரு தடவை அவர் கைத்தடி கம்பளத்தைத் தொடும்போதும் என் நெஞ்சில் தொட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தவர், நாற்காலியில் உட்காரும்போது ஜெபமாலையைத் தவறவிட்டார். எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

என் பறவையைக் காட்டி, "இவன் ஆரு?" என்று கேட்டார்.

அவர் பேச்சு பாதி தமிழ், பாதி கொச்சி மலையாளம். என் வீட்டுக்காரரின் தலைத்துண்டு இடுப்புக்கு வந்தது. மதாம்மா என் பக்கம் திரும்பினார். "இவங்க எல்லாரையும் எனிக்கு நாப்பது வருஷமா தெரியும். நான் கல்யாணம் கழிஞ்ஞு வரும்போ ஒம்பது பேருக்குக் கண்ணு உண்டு. வருஷா வருஷம் எண்ணுவேன். ஒண்ணொண்ணாப் போயி, கடைசில ஒருத்தனுக்கும் இல்ல. இப்போ இவன் மாத்ரம் என்னைப் பார்க்குது. எப்படி?"

சொல்லிவிட்டேன். காய்ச்சல், குரங்கு, கரையான், சாக்கு, பதிமுகம், பாயிடம் சொன்ன பொய், மேனேஜர் வந்தபோது ஓட்டை மேல் உட்கார்ந்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். பாவமன்னிப்புக் கேட்பது என்பார்களே, அது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. "தரையில போட்டது நாந்தான் மதாம்மா, அவ தச்சா, அம்புட்டுதான்" என்றார் என் வீட்டுக்காரர். "மறைச்சதுல நானும் உண்டு" என்றேன் நான்.

மதாம்மா கம்பளத்தின் ஓரத்தைத் திருப்பச் சொன்னார். பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். சாக்குத் தொடங்குகிற இடத்தில் விரல் நின்றது. "கண்ணாடி உடைச்சதுக்கு முன்னத்தெ வாட்ச்மேன் போனான்னு நினைச்சியா?" என்று கேட்டார். "உடைச்சதுக்கு இல்ல. உடைச்சதை மறைச்சதுக்குப் போனான்."

மாட்டுவண்டி வாசலில் வந்து நிற்பது போலவே இருந்தது. வெளியே சாரல் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. மதாம்மா கைத்தடியால் ஒவ்வொரு பறவையாகத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு சொன்னார்:

"பாக்கி பதினஞ்சு பேருக்கும் கண்ணு வைக்கணும். அது கழிஞ்ஞு நோக்காம்."

வருஷத்துக்கு ஒன்று

'நோக்காம்' என்றால் பார்க்கலாம். வேலையும் வீடும் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண் எல்லாம் வைத்து முடிந்த பிறகு பார்க்கலாம். என் வீட்டுக்காரர், "பரவால்லட்டி, பிழைச்சோம்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கண்ணுக்கு நாலு தையல். பதினைந்து கண்ணும் ஒரே நாள் வேலை. மறுநாள் அந்த 'நோக்காம்' வந்து வாசலில் நிற்கும்.

ஆகவே நான் மதாம்மாவிடம் போய், கண் திறப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது, வைகாசி வளர்பிறை வெள்ளியில்தான் திறக்க வேண்டும், ஒரு வருஷத்துக்கு ஒரு கண்தான் திறக்கலாம் என்று சொன்னேன். முதல் பாதியை நான் நம்பினேன். இரண்டாவது பாதி எந்த சாஸ்திரத்திலும் இல்லை. அதை நானே சேர்த்தேன். கோயிலுக்குப் போய் உலகம்மனிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன். மதாம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த ஆனியில் காரிலிருந்து இறங்கியதும் நேராக ஹாலுக்கு வந்து, கைத்தடியால் தொட்டு, "ரெண்டு" என்றார். அதற்கடுத்த ஆனியில் "மூணு". ஒவ்வொரு வருஷமும், 'போதும், எல்லாத்தையும் முடி' என்று சொல்லிவிடுவாரோ என்று சித்திரையிலேயே உலகம்மனிடம் போய் நிற்கத் தொடங்கிவிடுவேன். நாலாவது பறவை கண் திறந்தபோது என் கடைக்குட்டி பள்ளிக்கூடம் போனான். ஒன்பதாவது பறவைக்குப் பிறகு மூத்தவளுக்குக் கல்யாணம். இடையில் வேறு பங்களாக்காரர்களும் கேள்விப்பட்டுக் கம்பளமும் திரைச்சீலையும் கொண்டுவந்தார்கள், கை ஓயவில்லை. பயமும் ஓயவில்லை.

பன்னிரண்டு பறவைக்குக் கண் வந்திருந்த வருஷம், மதாம்மாவைக் காரிலிருந்து இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். மூச்சு வாங்கியது, கைத்தடி நடுங்கியது. எண்ணிப் பார்க்கவும் முடியாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் வேறு ஒரு பயம் பிடித்தது. என் இரண்டு அறைக்காக, வயசான மனுஷியை இத்தனை வருஷம் காக்கவைத்திருக்கிறேன். எல்லாப் பறவைக்கும் கண் வந்ததைப் பார்க்காமலே போய்விட்டால் அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டு கரைப்பேன்? அவர் காலடியில் உட்கார்ந்து, "மதாம்மா, வருஷத்துக்கு ஒண்ணுன்னு நான் சொன்னது பொய். எங்கள அனுப்பிருவீங்களோன்னு பயந்து சொன்னேன். பாக்கி நாலுக்கும் நாளைக்கே வச்சிருதேன்" என்றேன்.

மதாம்மா கையை அசைத்து என் பேச்சை நிறுத்தினார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார், ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"பொய்யின்னு அன்னைக்கே தெரியும் எடீ. நீ அவசரப்படாதே, வருஷத்துக்கு ஒண்ணு மதி, அது போதும். வேலை பாக்கி இருக்குன்னு சொன்னால்தானே டாக்டர் என்னைக் குற்றாலத்துக்கு விடும்!"

கரையான் தின்ற ஒரு கம்பளத்தை நம்பி மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள் என்ற முறையில், என்னைப் போல் பயந்து பயந்து பிழைக்கும் உங்கள் எல்லோருக்கும் நான் சொல்லக்கூடியது, எந்த வேலையையும் முழுசாக முடித்துக் கொடுத்துத் தொலைத்துவிடாதீர்கள் என்பதுதான்.